துணி எப்போது குப்பையாகிறது?

(சென்னையை அடுத்த வேப்பம்பட்டில் குடியிருப்போர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



துணிக்கழிவைக் குறைக்கத் தொழில்நுட்பம் எப்படி உதவும் என்று பேசச் சொன்னீர்கள். கேட்டவுடன், இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். வேப்பம்பட்டில் ரயில் ஏறினால் திருநின்றவூர், பட்டாபிராம் தாண்டி ஆவடி. அங்கே படைவீரர்களுக்கு உடுப்புத் தைக்கும் அரசுத் தொழிற்சாலை இருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அண்ணனூர், திருமுல்லைவாயில் தாண்டினால் அம்பத்தூர். அங்கே தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் ஏற்றுமதிக்குத் தைக்கிற கம்பெனிகள். கடைசியில் ரயில் போய் நிற்பது மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில். 1985இல் தீப்பிடித்து அழியும்வரை, பழைய சாமான்களுக்குப் பேர்போன சந்தை அங்கேதான் இருந்தது. உடுப்பு தைக்கும் இடமும், பழசு கைமாறிய இடமும் நம் ரயில் பாதையிலேயே இருக்கின்றன. நடுவில் இருப்பது நம் வீட்டு பீரோ.

ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு பேசப்போகிறேன். ஒரு துணி எப்போது குப்பையாகிறது? கிழிந்தால் என்பீர்கள், சாயம் போனால் என்பீர்கள். கிழியாத, சாயம் போகாத சட்டைகள் எத்தனை குப்பைமேட்டில் கிடக்கின்றன! என் பதில் வேறு. ஒரு துணி கைமாறுகிற இடத்தில், அது என்ன துணி என்று யாருக்கும் தெரியாமல் போகிறது பாருங்கள், அந்த நிமிஷத்தில் அது குப்பையாகிறது. என்னவென்று தெரிந்தால் அதற்கு ஒரு விலை கிடைக்கும். விலை உள்ளதை யாரும் தெருவில் வீசமாட்டார்கள்.

இதற்கு நம் தெருவிலேயே சாட்சி இருக்கிறது. ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒரு வண்டி வரும்: 'பழைய பட்டுப்புடவை வாங்குறோம்!' அம்மாவின் கல்யாணப் புடவையாக இருக்கும். மடிப்பில் எல்லாம் இற்றுப்போயிருக்கும். வந்தவர் புடவையின் அழகைப் பார்ப்பதில்லை. ஜரிகையைச் சுரண்டிப் பார்க்கிறார். பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசினால் அது நல்ல ஜரிகை. புடவையை எரித்தாலும் வெள்ளி மிஞ்சும். அதற்குத்தான் அவர் காசு கொடுக்கிறார். இன்றைக்குக் காஞ்சிபுரத்தில் ஜரிகையை எக்ஸ்-கதிர் கருவியில் வைத்து, வெள்ளி இத்தனை சதவீதம் என்று சொல்லிவிடுகிறார்கள். நாற்பது வருஷப் பட்டுக்கு விலை இருக்கிறது. அதே பீரோவில் போன தீபாவளிக்கு வாங்கிய சிந்தெடிக் புடவையை எடுத்து நீட்டுங்கள், வண்டிக்காரர் கையாலும் தொடமாட்டார்.

இப்போது தெருவை விட்டுத் திருப்பூருக்குப் போவோம். பனியன் கம்பெனியில் துணியை மேசைமேல் அடுக்கடுக்காக விரித்து, மேலே மார்க்கர் தாளை வைத்து, கட்டிங் மெஷினை ஓட்டுவார்கள். கை, கழுத்து, முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் தனித்தனியாக வரும். இடையில் விழும் துண்டுகள்தான் கட்டிங் வேஸ்ட். நூறு கிலோ துணி வெட்டினால் ஏறத்தாழப் பத்திலிருந்து பதினைந்து கிலோ இப்படி விழும் என்பது பொதுவான கணக்கு. அதைக் குறைப்பது தொழில்நுட்பத்தின் முதல் வேலை. முன்பு மாஸ்டர் அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்துக் கண்ணால் மிச்சம் பிடித்ததை இன்று கம்ப்யூட்டர் செய்கிறது. எத்தனையோ விதமாக அடுக்கிப் பார்த்து, எதில் துணி குறைவாகச் செலவாகும் என்று சொல்கிறது. சாம்பிள் தைத்து விமானத்தில் அனுப்பி, வெளிநாட்டுக்காரர் வேண்டாம் என்றால் மறுபடி தைத்து அனுப்பிய காலம் போய், திரையிலேயே முப்பரிமாணத்தில் உடுத்திக் காட்டுகிறார்கள். ஜப்பானின் ஷிமா செய்கி நிறுவனம் 1995இலேயே ஒரு படி மேலே போனது. முழு ஸ்வெட்டரையும் தையலே இல்லாமல் ஒரே துண்டாகப் பின்னி எடுக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. வெட்டினால்தானே துண்டு விழும்?

விழுந்த துண்டுகளுக்கும் திருப்பூரில் கதி உண்டு. நிறம் நிறமாகப் பிரித்து மூட்டை கட்டுகிறார்கள். வெள்ளைத் துண்டுக்கு விலை அதிகம். எந்த நிறத்துக்கும் அது பொருந்தும். இந்த மூட்டைகள் கழிவுப்பஞ்சு ஆலைகளுக்குப் போகின்றன. அங்கே துணியைக் கிழித்துக் கிழித்து மறுபடி பஞ்சாக்குவார்கள். பிறகு ஓ.இ. மில் என்று சொல்லும் ஓப்பன் எண்ட் மில்லில் அது நூலாகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, பல்லடம், வெள்ளக்கோவில் வட்டாரத்தில் இந்த மில்கள் நிறைய. போர்வை, மிதியடி, துடைக்கிற துணி, கையுறை எல்லாம் இந்த நூலில் வருகின்றன.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சிவப்புத் துண்டைச் சிவப்போடு சேர்த்து நூற்றால் சிவப்பு நூல் கிடைக்கும். மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. சாயம் போடாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நொய்யல் ஆற்றங்கரைக்காரர்களைக் கேளுங்கள். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே மூச்சில் நின்றன. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே மறுபடி ஓடின. எதிர்ச் சவ்வூடு பரவல், ஆவியாக்கி என்று பல கட்டங்களைக் கடந்து தண்ணீரின் பெரும்பகுதியை மீட்டு, திரும்பச் சாயத்தொட்டிக்கே கொண்டுவருகிறார்கள். மின்சாரச் செலவு ஏராளம். மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்ற தலைவலியும் தீரவில்லை. கழிவு வந்தபின் சுத்தம் செய்கிற தொழில்நுட்பம் அது. நிறம் பார்த்துத் துண்டைப் பிரித்துப் போடுகிற பெண்ணின் கை அந்தச் செலவே வராமல் தடுக்கிறது. அவர் அமர்ந்திருக்கும் கிடங்கில் பஞ்சுத் தூசி பறக்கிறது. முகக்கவசமும் தூசியை இழுக்கும் விசிறியும் கூடத் தொழில்நுட்பந்தான், அவையும் அங்கே போய்ச் சேரவேண்டும்.

திருப்பூர்த் துண்டு ஏன் பிழைக்கிறது? அது எந்தக் கம்பெனியில் விழுந்தது, நூறு சதவீதம் பருத்தியா, என்ன நிறம் என்று விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். நம் வீட்டிலிருந்து போகும் துணிக்கு அந்த யோகம் இல்லை. 'ஃபேஷன் ஃபார் குட்' அமைப்பு 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78 லட்சம் டன் துணிக்கழிவு சேர்கிறது. உலகக் கழிவில் 8.5 சதவீதம். அதில் 51 சதவீதம், அதாவது பாதிக்கும் மேல், நாம் உடுத்திக் கழித்தது. ஆலைக் கழிவைவிட அலமாரிக் கழிவு அதிகம்.

நம் கழிவுக்கு என்ன சிக்கல்? கலப்பு. இங்கே மூன்று நூல் கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் பார்க்கலாம். முதல் நூலைக் கொளுத்துகிறேன். காகிதம் எரிகிற வாசனை. தொட்டால் உதிரும் சாம்பல். பருத்தி. இரண்டாவது எரியும்போது சுருண்டு உருகுகிறது. கருகிய முனையில் கெட்டியான உருண்டை, நசுக்க முடியவில்லை. பாலியஸ்டர். மூன்றாவதில் இரண்டும் வருகிறது. கொஞ்சம் சாம்பல், நடுவில் கெட்டியான துணுக்குகள். நம் சட்டைகளில் பல இந்த மூன்றாவது ரகம். இஸ்திரி போட வேண்டாம், சீக்கிரம் காயும், விலையும் மலிவு என்று நாமே ஆசைப்பட்டு வாங்கியது. பருத்தியையும் பாலியஸ்டரையும் நூலிலேயே கலந்தபிறகு பிரிக்கச் சொல்வது, இட்லி மாவு அரைத்தபின் அரிசியையும் உளுந்தையும் தனியே எடுக்கச் சொல்வது மாதிரி. போதாததற்கு லெகிங்ஸிலும் ஜீன்ஸிலும் கொஞ்சம் எலாஸ்டேன், அதாவது இழுத்தால் நீளும் இழை. அந்தக் கொஞ்சமே கிழிக்கிற இயந்திரத்தில் இழுபட்டுச் சிக்கிக்கொள்ளும்.

நான் தீக்குச்சியில் செய்ததை ஒளியில் செய்கிற கருவிதான் இன்று இந்தத் துறையில் எல்லோரும் பேசுவது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் துணிமேல் பாய்ச்சினால், பருத்தி ஒருவிதமாகவும் பாலியஸ்டர் வேறுவிதமாகவும் அதைத் திருப்பி அனுப்பும். திரும்பிவந்த ஒளியைப் படித்து, இது இன்ன துணி, இத்தனை கலப்பு என்று சில நொடியில் சொல்லிவிடும். ஸ்வீடனில் மால்மோ நகரில் 2020இல் இந்த முறையில் தானாகவே துணி பிரிக்கும் கூடம் ஒன்று வந்தது. ஆண்டுக்கு 24,000 டன் பிரிக்கும் திறன். கையில் பிடிக்கும் சிறிய கருவியும் உண்டு. அதை வைத்து இந்தியாவின் பழைய துணிகள் என்ன இழையில் ஆனவை என்று கணக்கெடுப்பும் நடந்திருக்கிறது. குறையும் உண்டு: கறுப்புத் துணியில் அது தடுமாறும், மேல் பரப்பை மட்டும் படிக்கும், உள் லைனிங் அதற்குத் தெரியாது. ஆகவே கிடங்கில் இருக்கும் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இந்தக் கருவியை வைக்கக் கூடாது. அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். கிழிசல், கறை, பட்டன், லைனிங் எல்லாம் அவர் பார்ப்பார்; இழை என்ன என்று கருவி சொல்லும்.

பிரித்த பிறகு? பருத்தியைக் கிழித்து நூற்கலாம். ஒவ்வொரு முறை கிழிக்கும்போதும் இழை குட்டையாகும், நூல் பலம் இழக்கும். புதுப்பஞ்சோ பாலியஸ்டரோ சேர்த்தால்தான் நிற்கும். இந்தக் குறையைத் தாண்டத்தான் ரசாயன முறை. பருத்தியைக் கரைத்துக் கூழாக்கி, அதிலிருந்து புது இழை இழுக்கலாம். ஸ்வீடனின் ரீநியூசெல் நிறுவனம் 2022இல் சுண்ட்ஸ்வால் நகரில் ஆண்டுக்கு 60,000 டன் திறனோடு ஆலை தொடங்கியது. உலகமே கைதட்டியது. 2024 பிப்ரவரியில் அது திவாலானது. கூழ் தரமாக வந்தது, வாங்கத்தான் போதிய ஆள் வரவில்லை. பிறகு வேறொரு முதலீட்டு நிறுவனம் வாங்கி அதற்கு உயிர் கொடுக்கப் பார்க்கிறது. இயந்திரம் மட்டும் ஒரு தொழிலைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டியதில்லை.

பாட்டிலைத் துணியாக்கும் கரூரைச் சொல்லாமல் போனால் கோபித்துக்கொள்வீர்கள். 2023 பிப்ரவரி 8ஆம் தேதி பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் போட்டுவந்த வெளிர்நீல ஜாக்கெட் பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து பிறந்தது. துணி கரூரின் ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் கொடுத்தது. இந்த முறையில் இழையாக்கும்போதே நிறத்தைச் சேர்த்துவிடலாம்; சாயத்தொட்டித் தண்ணீர் மிச்சம். நம்மூர்க்காரர் சாதனைதான். ஆனாலும் இது பாட்டில் குப்பைக்கு விடை. துணிக்குப்பைக்கு விடை இனிமேல்தான் வரவேண்டும். பாட்டில் மறுபடி பாட்டிலாகலாம். சட்டையான பாட்டில், துவைக்கும்போது நுண்ணிழைகளை உதிர்க்கும். கடைசியில் நம் பீரோவில் மற்றொரு பாலியஸ்டர் துணியாக வந்து உட்காரும். அதைத் திரும்பச் சட்டையாக்க வழி உண்டா என்று அடுத்த கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உலகம் முழுக்கவே, உடைக்குச் செலவாகும் இழையில் மறுபடி உடையாவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017இல் கணக்கிட்டது.

'நாங்கள் பழைய துணியைக் குப்பையில் போடுவதில்லை, ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம்' என்று சொல்வோர் இருக்கிறீர்கள். நல்ல மனசு, மறுக்கவில்லை. 2004 சுனாமியை நினைத்துக்கொள்ளுங்கள். நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழந்துணி நம் கடற்கரைக்கு வந்து இறங்கியது. மீனவப் பெண்களுக்குப் பழக்கமில்லாத உடுப்புகள், குளிர் ஊரின் ஸ்வெட்டர்கள், ஜோடி இல்லாத துண்டுகள். எது யாருக்கு என்று எவரும் பிரித்து அனுப்பவில்லை. சாலையோரத்தில் மலையாகக் கிடந்தன. 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அவற்றைப் பொறுக்கிப் பிரித்து வேறு வேறு பயனுக்குத் திருப்பியது. பின்னாளில் 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. பிரிக்காமல் கொடுத்தால் தானமும் குப்பையாகும். வெளிநாட்டிலும் அதே கதை. பணக்கார நாடுகள் 'தானம்' கொடுத்த உடுப்புகள் கானாவின் அக்ரா நகரக் கண்டமாண்டோ சந்தையில் இறங்கி, விற்காதது கடற்கரையில் ஒதுங்குகிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் குன்றுகளாகக் கிடக்கிறது.

இப்போது ஐரோப்பா விழித்திருக்கிறது. 2025 ஜனவரி முதல் துணிக்கழிவைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். 2026 ஜூலை முதல் பெரிய நிறுவனங்கள் விற்காத உடையை அழிக்கக் கூடாது. அடுத்து வரப்போவது ஒவ்வொரு உடைக்கும் ஒரு டிஜிட்டல் பாஸ்போர்ட்: கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் என்ன இழை, எங்கே நெய்தது, எப்படிப் பிரிப்பது எல்லாம் தெரியும். அங்கே துணி விற்க வேண்டுமானால் திருப்பூரும் அம்பத்தூரும் இதற்குத் தயாராக வேண்டும்.

நமக்கு இது புதிதா? ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயம், கைத்தறிக் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, சேலையோடு அதை நெய்தவரின் படமும் விவரமும் உள்ள அட்டையைச் சேர்த்து வைத்தார்கள். இன்னார் நெய்தது என்று தெரிந்த சேலையை வாங்கியவர் அலட்சியமாகக் கசக்கிப் போடமாட்டார். அந்த அட்டையில் நெய்தவரின் முகம் இருந்தது. இனி வரும் கோடில் இழையின் பெயரும் இருக்க வேண்டும்.

நம் ஊர்த் தையல்காரரிடமும் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது தாய்மார்கள் என்ன சொல்வீர்கள்? 'உள்ளே துணி விட்டுத் தைங்க!' பக்கவாட்டில் இரண்டு மூன்று தையல் ஓடும். உடம்பு பெருத்தால் ஒரு தையலைப் பிரித்துவிட்டால் போதும். ரெடிமேடில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஓரத்தை ஒட்ட வெட்டி ஓவர்லாக் போட்டுவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, நம் உடம்புக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டு அளவுகள். இந்தியர்களின் உடலளவை முப்பரிமாண ஸ்கேனரில் எடுத்து நமக்கென்று அளவுப் பட்டியல் தயாரிக்கும் வேலையை மத்திய ஜவுளி அமைச்சகமும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட்டும் எடுத்துக்கொண்டன; ஆறு நகரங்களில் 25,000 பேரை அளப்பது திட்டம். அளவு சரியாக வந்தால் ஆன்லைனில் வாங்கித் திருப்பி அனுப்புவதும், போடாமலே பீரோவில் கிடப்பதும் குறையும். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் செலவு என்கிறார்கள். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நமக்கு அந்தக் கணக்கின் கனம் தெரியும்.

சரி, வேப்பம்பட்டில் என்ன செய்யலாம்? மூன்று காரியம் சொல்கிறேன். மூன்றுக்கும் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம்.

ஒன்று, பள்ளிச் சீருடை. பெருமாள்பட்டு, செவ்வாப்பேட்டை, திருநின்றவூர் என்று சுற்றிலும் பள்ளிகள். ஒவ்வொரு ஜூனிலும் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள், சட்டை வளர்வதில்லை. ஏப்ரலில் ஒரு வாட்ஸ்ஆப் குழு தொடங்குங்கள். ஒரு படம், கூடவே பள்ளி, வகுப்பு, அளவு என்று மூன்றே விவரம். 'நல்ல கண்டிஷன்' என்று மட்டும் போட்டால் யாரும் வரமாட்டார்கள், '28 சைஸ்' என்று போட்டால் வருவார்கள்.

இரண்டு, துணிக்குத் தனிப் பை. மீன் கழிவோடும் சாம்பார் மிச்சத்தோடும் நனைந்த துணியை எந்த நாட்டு இயந்திரமும் மீட்காது. பருத்தி ஒரு பை, மற்றதெல்லாம் ஒரு பை. நைந்த பருத்தி வேட்டியை மெக்கானிக் கடைக்காரர் துடைக்கவே வாங்கிக்கொள்வார். ஈரத்தை அதிகம் உறிஞ்சாத பாலியஸ்டர் அவருக்கு எதற்கு? தூய்மைக் காவலர்களுக்கு இந்தப் பை தனி வருமானமாகும்படி ஊராட்சியோடு பேசி வையுங்கள். துண்டு மூட்டை வாங்கும் வியாபாரி, ஒரு வீட்டுக்கு வரமாட்டார். ஐந்நூறு வீட்டுப் பை ஒரே இடத்தில் பிரித்துச் சேர்ந்திருந்தால் வருவார்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் எளிது, நாம் செய்யாததும் அதுதான். சட்டைக் காலருக்குள் குத்துகிறது என்று லேபிளை வெட்டி எறிகிறோம். வெட்டாதீர்கள், குத்தினால் ஓரத்தைப் பிரித்து இடுப்புப் பக்கம் தைத்துவிடுங்கள். அந்தத் துணியைப் பற்றி மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அது. கடைக்குப் போனால் விலையைக் கேட்பதற்கு முன் 'இது என்ன துணி? கலப்பு எத்தனை?' என்று கேளுங்கள். முதல் நாள் கடைப்பையன் முழிப்பான். நாலு பேர் கேட்டால் முதலாளியைக் கேட்பான். நாற்பது பேர் கேட்டால் முதலாளி மொத்த வியாபாரியைக் கேட்பார். மால்மோவில் கோடிகளைக் கொட்டி ஒளிக்கருவி வைத்துக் கண்டுபிடிக்கிற அதே விவரத்தை, வாங்கும் கவுன்டரிலேயே இலவசமாகக் கேட்டு வாங்கலாம். ரீநியூசெல்லை மூடவைத்தது வாங்க ஆளில்லாத குறை. கேட்டு வாங்குகிற ஆளாக நாம் இருந்தால், விற்கிறவர் தானாக மாறுவார்.